சாட்டைக்காரனின் முகம்

வைக்கோலை விலக்கியதும் முதலில் தெரிந்தது என் அப்பாவின் முகம்.

அவர் இறந்து முப்பது வருஷம் ஆகிறது.

சரிந்த இடது இமை. நடுவில் பிளந்த மோவாய். எதையோ மோந்து பார்ப்பதுபோல விரிந்த மூக்கு. மெருகேற்றிய கன்னத்தில் வேர்வை மினுங்குவதுபோல இருந்தது. கண்ணாடிக் கண்கள் என்னையே பார்த்தன.

கையில் சாட்டை.

கற்றூணில் கட்டுண்ட ஆண்டவரின் சப்பரம் எங்கள் வீட்டுக்குரியது. போப்பயான் நகரத்தின் புனித வாரப் பவனியில் மூன்று தலைமுறையாக அதை நாங்கள்தான் சுமக்கிறோம். ஆண்டவரை அடிக்கும் பழைய மரச் சேவகனைக் கரையான் தின்றுவிட்டது. தொலைவிலுள்ள கீத்தோ நகரத்துச் சிற்பி ஒருவனுக்குச் சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கோவேறு கழுதையின் முதுகில் வந்து, இன்று காலை கோவில் பக்க அறையில் இறங்கியது புதியது.

நாளை மறுநாள் பவனி. சாட்டைக்காரன் தெருவில் வரும்போது ஜனங்கள் காறித் துப்புவார்கள். ஆரஞ்சுத் தோலை எறிவார்கள். சிறுவனாக நானும் எறிந்திருக்கிறேன்.

இந்த வருஷம் அது என் அப்பாவின் முகத்தில் விழும்.

பங்குச் சாமியார் குனிந்து, தரையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். என் தங்கை எல்விரா சிலுவை போட்டுக்கொண்டாள். இருவருக்கும் அப்பாவை நன்றாகத் தெரியும்.

எனக்கும் எல்விராவுக்கும் அம்மாவின் ஜாடை. இந்த முகம் அப்பாவோடு மண்ணுக்குள் போய்விட்டது என்று இருந்தேன்.

அந்த மூக்கைச் சீவிவிடலாம் என்று உளியைத் தேடினேன். சீவினால், ஆமாம், இது அவர்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

எங்களுக்கு ஆகாதவன் எவனோ அப்பாவின் படத்தைச் சிற்பிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்தேன். பெட்டியைக் கொண்டுவந்த கழுதைக்காரன் சிஸ்தோவிடம், சிற்பி யாரைப் பார்த்துச் செதுக்கினான் என்று கேட்டேன்.

சிஸ்தோ சிரித்தான்.

"ஆண்டவரை அடிக்கிறவனுக்கு எவன் மூஞ்சி குடுப்பான், எசமான்? சாராயம் வாங்கிக் குடுத்தும் ஒருத்தனும் உக்காரல. கடைசில சிற்பி ஆன்செல்மோ ஒரு கண்ணாடிய முன்னால வச்சுகிட்டு, தன் மூஞ்சியவே செதுக்கிட்டான்."

அந்த ஆன்செல்மோவுக்கு நாற்பது வயது இருக்குமாம். தகப்பன் யாரென்று தெரியாதாம். துணி வெளுத்து அவனை வளர்த்த தாய், மகனின் முகத்தைச் சாட்டையோடு பார்த்துவிட்டு, ஒரு வாரம் அவனோடு பேசவில்லையாம்.

அவள் பெயரை நான் கேட்கவில்லை.

சாமியார் பொறுக்கிய ஆணிகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எல்விராவின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. என் காதருகே வந்தாள்.

"அம்மா குடுத்து வச்சவங்க, அண்ணா. அப்பாவோட லட்சணத்தைப் பாக்காமப் போயிட்டாங்க."

பிறகு, யாரையும் கடிந்து பேசியறியாத என் தங்கை, அந்த முகத்தின் மேல் துப்பினாள்.

நான் தடுக்கவில்லை. நிமிர்ந்தே நின்றேன்.

கோபத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை. அப்பா தன் ஆயுளில் இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டியதே இல்லை.

நாற்பது வருஷத்துக்கு முன் கீத்தோவில் இரண்டு வருஷம் படித்தவன் நான்.