இரண்டாவது ஐந்து மணி

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணியை அவர் இரண்டு தடவை வரவழைத்தார்.

நம்பாவிட்டால் போங்கள். மலைக்குப் பின்னால் பாதி இறங்கிய சூரியன் அவர் கைசொடுக்குக்கு மேலே ஏறி வந்தது என்றுகூடச் சொல்ல அவர் தயார்தான். கல்லூரியின் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பானவர் அவர். எதிரே அலுவலக சூப்பிரண்டு உட்கார்ந்திருந்ததால் கொஞ்சம் அடக்கி வாசித்தார்.

"ரெண்டு தடவ வந்துச்சு அண்ணாச்சி. நான்தான் வரவச்சேன்."

சூப்பிரண்டு வேலாயுதப்பெருமாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னவே, கதை விடுதீரா? அப்படியே ஞாயித்துக்கிழமையையும் ரெண்டு தடவ வரவையும். ஊரே உம்மக் கும்பிடும்."

மேசைமேல் ஒரு தாள். ஆய்வக உதவியாளர் வேலைக்கு ஆன்லைனில் வந்த விண்ணப்பங்களின் பதிவு. சர்வரே எழுதியது.

மாலை 5.00: படிவம் மூடப்பட்டது.

அதற்குக் கீழே, 4.58: விண்ணப்பம் பெறப்பட்டது. ஜெஸிந்தா.

கடை அடைத்த பிறகு உள்ளே போன சரக்கு. அதன் மேல் அடைப்பதற்கு முந்தைய நேரம். யார் பார்த்தாலும் ஒன்றுதான் தோன்றும். உள்ளிருந்து யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஜெஸிந்தா வெளியே பெஞ்சில் இருந்தாள். பதினாறு வருடமாகத் தனியார் ஆய்வகங்களில் ஊரார் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருப்பவள். அடுத்த மாதம் அவளுக்கு வயது வரம்பு தாண்டுகிறது. இந்த விண்ணப்பம் தள்ளுபடியானால் இன்னொன்று போட வழியில்லை.

அவர் மறுபடி விளக்கினார். காலையிலிருந்து பதினேழாயிரமாவது தடவை.

அவருடைய அறையில் இரண்டு சர்வர்கள். ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ். ஒன்று விண்ணப்பத்தை வாங்கும். மற்றது வாங்கியதைப் பத்திரப்படுத்தும். இரண்டும் சம்பந்திகள் மாதிரி. போக்குவரத்து உண்டு, மரியாதை உண்டு. மணி என்ன என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்கமாட்டார்கள்.

பொதுவான ஒரு கடிகாரத்தைக் காட்டி, இதைப் பார்த்து நடங்கள் என்று இரண்டுக்கும் சொல்லிவைத்திருக்க வேண்டியது அவர் வேலை.

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார்.

வாங்குகிற சர்வர் ஒன்பது நிமிடம் முன்னால் ஓடிப்போயிருந்தது.

செவ்வாயன்று ஊருக்கெல்லாம் மணி 4.51. அந்தச் சர்வருக்கு மட்டும் ஐந்து. கதவைச் சாத்திவிட்டது.

அப்போது போன் வந்தது. ஏழு சான்றிதழையும் ஏற்றி முடித்து, கடைசிப் பொத்தானை அழுத்தப் போன ஜெஸிந்தா.

"சார், மூடிட்டோம்னு வருது. என் போன்ல இன்னும் அஞ்சு ஆகலையே சார்."

அழவில்லை. அழுதிருந்தால் நிதானமாக ஆறுதல் சொல்லிப் போனை வைத்திருப்பார்.

முன்னால் ஓடும் கடிகாரத்தை வேலை நேரத்தில் பிடித்து இழுக்கக் கூடாது. நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சரியான நேரம் வந்து சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இழுத்தால், போன நிமிடங்கள் மறுபடி வரும். பதிவுகள் குழம்பும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் இதைச் சொல்வார்.

பொறுத்திருந்தால் நாள் கணக்காகும்.

இழுத்தார்.

இரண்டு சர்வரும் 4.53 என்றன. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரே குரலில். மூடிய படிவம் தானாகத் திறந்துகொண்டது. 4.58க்கு ஜெஸிந்தா உள்ளே வந்தாள்.

பிறகு ஐந்து மணி, ஒரு தடவை வந்தது போதாதென்று, இன்னொரு தடவை வந்தது. நேரத்தை மாற்றியதை அவர் பதிவேட்டில் எழுதியும் வைத்தார்.

"நேரத்த மாத்துனதும் நீரு. மாத்துனேன்னு எழுதி வச்சதும் நீரு," என்றார் சூப்பிரண்டு. "சாட்சி யாருவே?"

சாட்சி சட்டைப் பையில் இருந்தது. நான்காக மடித்து.

காலையிலிருந்து அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜெஸிந்தா தன் கோப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

எடுத்து விரித்தார்.

கைரேகை மெஷினின் பதிவு. அலுவலகம் வருகிறவர்களும் போகிறவர்களும் விரல் வைக்கும் மெஷின். அதுவும் மணியை அந்த வாங்குகிற சர்வரிடம்தான் கேட்டுக்கொள்ளும்; அலுவலகமே அதில் மணி பார்த்துத்தான் கிளம்பும்.

செவ்வாய் மாலை. வேலாயுதப்பெருமாள், வெளியே: 5.00.

அடுத்த வரி. இரவுக் காவலர் அந்தோணி, உள்ளே: 4.56.

சூப்பிரண்டு ஒருதரம் படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருதரம் படித்தார்.

இருபத்தொன்பது வருடச் சர்வீஸில் ஐந்துக்கு ஒரு நொடி முன்னால் நாற்காலியை விட்டு எழுந்தவரில்லை. ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

"எனக்குப் பொறவுதான் அந்தோணி வந்தான். வாசல்ல வணக்கம் சொன்னான்," என்றார் மெதுவாக.

"ஆமா அண்ணாச்சி."



சூப்பிரண்டு தன் பெயருக்கு நேரே இருந்த 5.00ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே 4.51 என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், தேதியோடு.

பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பஸ் ஸ்டாப்புல நிக்கேன். அப்பத்தான்வே மில்லுல அஞ்சு மணிச் சங்கு ஊதுச்சு."