பெரியம்மாவைக் கேட்டதாச் சொல்லு

அந்த மாதமும் யாரும் பெரியம்மாவைக் கேட்கவில்லை. டெய்லருக்கு அதில் நிம்மதி.

“அஞ்சு வீடு விசாரிச்சாச்சு. எல்லாம் சுகம்,” என்றாள், ஊசியில் நூலைக் கோத்தபடி. “இன்னும் ஒரே ஒரு வீடு.”

மூலையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. தெருவில் அவளுக்குப் பெயரே காஜாதான். பத்தொன்பது வயதில் ஒரு ஏஜெண்டோடு மில் வேலைக்கு என்று போனவள். நான்கு வருடம் கழித்துத் தப்பி வந்தபோது அவள் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. டெய்லர் கடையில் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது.

பெரியம்மா அவளிடமிருந்து வந்த யோசனை.

“போன் குடுப்பாங்க. பக்கத்துலயே நிப்பாங்க,” என்று ஒருநாள் தானாகவே சொன்னாள். “நல்லா இருக்கேன்னு மட்டுந்தான் சொல்ல முடியும். வேற சொல்றதுக்கு எனக்கு ஒரு வார்த்தை இல்லாம போச்சு.”

தெருப் பெண்கள் நாலைந்து பேர் கடையில் கூடி உட்கார்ந்து அந்த வார்த்தையைத் தேடினார்கள். ‘பெரியம்மாவைக் கேட்டதாச் சொல்லு.’ யார் காதிலும் உறுத்தாது. பெரியம்மா இல்லாத குடும்பம் உண்டா?

வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு பெண்ணையும் அளவெடுக்கும் சாக்கில் திரைக்குப் பின்னால் அழைத்தார்கள். ஏதாவது ஆபத்து என்றால் அம்மாவிடம் இதை மட்டும் சொல், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று காதோடு சொல்லி அனுப்பினார்கள்.

அம்மாக்களுக்குச் சொல்லவில்லை. ஏஜெண்டை அவர்கள் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டார்கள். “காலையில சொன்னா சாயங்காலம் அவன் காதுக்குப் போயிடும்,” என்றாள் டெய்லர். அதற்குப் பதில் மாதம் ஒருமுறை, பெண் போனில் யாரையாவது விசாரித்தாளா என்று பேச்சுவாக்கில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொள்வாள்.

ஆறாவது வீட்டுக்காரி தானாகவே வந்தாள். கையில் மகளின் பழைய சட்டை.

“அக்கா, இதே மாதிரி ரெண்டு தச்சுக் குடுங்க. அடுத்த மாசம் ஒப்பந்தம் முடியுது, வந்துடுவா.”

“போய் ரெண்டு வருஷமாச்சே. இந்த அளவு பத்துமா?”

“மில்லு சாப்பாடு, ஊதித்தான் இருப்பா. உள்ள ஒரு இஞ்ச் விட்டுத் தைங்க. பிரிச்சுக்கலாம்.”

“இளைச்சிருந்தா?”

“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதாக்கா?”

டெய்லர் சிரித்தாள். சட்டையை மேசையில் விரித்து நாடாவைப் போட்டாள்.

“போன் வந்துதா?”

“ஞாயித்துக்கிழமை வந்துது. வார்டனம்மா போன். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணுமாம். பொம்பளப் பிள்ளைங்க இருக்கற இடம், கட்டுப்பாடு வேணும்தானே.”

“யாரையாவது விசாரிச்சாளா?”

“யாரை விசாரிக்கப் போறா?” உதட்டைச் சுழித்தாள். “யாரையும் இல்ல.”

எப்போதும் சொல்லும் பதில்தான். டெய்லர் காஜாவைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆறு வீடும் முடிந்தது.

வந்தவளின் கண் கொடியில் தொங்கிய நீல ஜாக்கெட்டில் போய் நின்றது.

“இது எங்க மூத்த ஓரகத்தியோடதா?”

“அவங்களோடதுதான்.”

“அதானே பார்த்தேன். அந்த முதுகை மூட ரெண்டு மீட்டர் வேணுமே.”

“இன்னும் பேச்சுவார்த்தை இல்லையா?”

“மாமியார் செத்த வீட்டுலயே பேசல. இப்பவா பேசுவேன்? அதுவும் எனக்கும் என் பொண்ணுக்கும் நடுவுல அவ வந்து உக்காந்தப்புறம்?”

“உன் பொண்ணுக்கும் அவங்களுக்கும் என்ன?”

“வீட்டுக்குள்ள நடக்கற மானக்கேடுன்னு உங்ககிட்டகூடச் சொல்லலக்கா. இங்க இருந்தவரைக்கும் அவளை ஏறெடுத்துப் பார்த்ததில்ல இவ. அங்க போனதும் திடீர்னு பாசம் பொங்குது. போனை எடுத்தாப் போதும், ‘பெரியம்மாவைக் கேட்டதாச் சொல்லு, பெரியம்மாவைக் கேட்டதாச் சொல்லு’ன்னு ஒரே பல்லவி.”

டெய்லர் நாடாவை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“ஒரு தடவை சொன்னாப் பரவாயில்ல. தொண்டை அடைக்கச் சொல்றா. பெத்தவளை நினைச்சு ஒருநாள் அழுதிருப்பாளா?”

மூலையில் ஊசி நின்றது. கடைக்கு வருகிறவர்களிடம் வாயே திறக்காத காஜா எழுந்து வந்தாள்.

“நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“சும்மா விடுவேனா? இன்னொரு தடவை அவ பேச்சை எடுத்தா போனை வெச்சுடுவேன்னு சொல்லிட்டேன்.”

பழைய சட்டையின் காலரை நீவிவிட்டாள். முகத்தில் ஜெயித்த களை.

“மூணு மாசமா கேக்கறதையே விட்டுட்டா.”