மிச்சமிருக்கும் பிடி

நர்சிங் ஹோமிலிருந்து கிளம்பும் நேரத்தில், பிறந்து மூன்று நாளான குழந்தை மஞ்சரியின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"சித்தியை உடமாட்டேங்குது பாரு!" என்று சிரித்தாள் அக்கா சித்ராதேவி. வேலம்பாளையம் போகக் கார் வாசலில் காத்திருந்தது.

"பாசமெல்லாம் இல்லக்கா," என்றாள் மஞ்சரி. அவள் பள்ளியில் உயிரியல் டீச்சர். "நம்ம முன்னோர் குரங்கு மாதிரி இருந்தப்போ, குட்டிக அம்மாவோட ரோமத்தைப் பிடிச்சுத் தொங்குமாம். ரோமம் போயிருச்சு, பிடி மட்டும் மிச்சமிருக்குது. நாம அங்கிருந்து வந்தோம்ங்கறதுக்கு இதுவும் ஒரு சாட்சி. யார் விரலக் குடுத்தாலும் பிடிக்கும்."

"இங்கயும் பாடமா கண்ணு?"

மஞ்சரியே அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அக்கா குழந்தையை அணைத்துக்கொண்டு போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

நர்ஸ் உள்ளே வந்தாள்.

"கொழந்தை இல்லாத அக்காவுக்குன்னே சுமந்து பெத்துக் குடுத்துட்டீங்க. பெரிய மனசுங்க டீச்சர். பால் கட்டாம வத்திப்போக டாக்டர் மாத்திரை எழுதியிருக்காங்க. இப்பவே போட்டுக்கறீங்களா?"

நனைந்திருந்த நைட்டியை மஞ்சரி துண்டால் மூடிக்கொண்டாள்.

"நாளைக்குப் போட்டுக்கறேனுங்க."