வைஃபை இல்லாத கேமரா

நேரு வீதிக் கேமரா கடையில் அக்தர் பேகத்துக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“அக்கா, இது வைஃபை மாடல். படம் எடுத்த அடுத்த நிமிஷம் போனுக்கு வந்துடும். ஊருக்கே அனுப்பலாம்” என்றான் விற்பனையாளன் ஷஃபீக்.

“அதான் வேணாம்னு மூணு தடவை சொல்லிட்டேனே தம்பி! விலை கம்மியா, போனுக்குப் படம் போகாத கேமராவா குடு.”

ஷஃபீக் சிரித்தான். “வைஃபை இல்லாத கேமராவா? எந்தக் காலத்துலக்கா இருக்கீங்க?”

“அதைப் போய் கல்யாணப் பொண்ணோட அண்ணன்கிட்ட கேளு!” அக்தர் பேகம் வெடித்தாள். “நான் மருதாணி போடுறவ. கேமராவைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? பொம்பளைங்க பக்கம் படம் எடுக்க ஆள் கிடைக்கலன்னு பொண்ணோட அம்மா என் தலையில கட்டிட்டாங்க. உள்ள யாரும் போன் கொண்டு வரக் கூடாது, ஒரு படம்கூட வெளிய போகக் கூடாதுன்னு அந்த அண்ணன் ஒத்தக் கால்ல நிக்கிறானாம்.”

ஷஃபீக்கின் சிரிப்பு நின்றது. “யாரு பொண்ணு?”

“லாஸ்பேட்டை மரீஹா.”

தன் தங்கையின் பெயரைக் கேட்டதும் ஷஃபீக் அந்தக் கேமராவைச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்தான்.

“வைஃபை இல்லாததுதான் நல்லதுக்கா. உள்ள ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வரேன்.”