ஒரு நிமிடம் அமைதி தேவை

சவுண்டுக்காரர் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார்.

எங்கள் சூப்பர்வைசருக்கு அது முதலில் காதில் விழவில்லை. விழுந்த பிறகு நம்பவில்லை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ இருக்கிறது. நாங்கள் டார்கெட் என்போம்.

மலிவுச் சட்டை எப்படி மலிவாகிறது என்று ஆவணப்படம் எடுக்க எங்கள் தையல் கம்பெனிக்கு ஒரு குழு வந்திருந்தது. பேட்டியெல்லாம் முடிந்துவிட்டது. இனி இந்த ஹாலின் அமைதி ஒரு நிமிடம் வேண்டும், பேச்சுக்கு அடியில் போட, என்றார் சவுண்டுக்காரர். யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது, முக்கியமாக வேலை செய்யக் கூடாது.

அமைதி லைப்ரரியில் நிறையக் கிடைக்குமே என்று டார்கெட் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு இடத்து அமைதியும் வேறு வேறு என்று பதில் வந்தது.

முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து, கேட்டதைக் கொடு என்று கை காட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டத்தான் அவர்களை உள்ளேயே விட்டிருந்தார்.

நாற்பது மெஷினும் நின்றன. ஃபேனும் நின்றது.

காதுக்குள்ளிருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

இருபதாவது நொடியில், பக்கத்து மெஷினில் இருந்த என் அண்ணி, தைத்து வைத்திருந்த காலர் குவியலில் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான். ஆள் போயாயிற்று.

மூன்று நாளாகக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. பல் குழந்தைக்கு, தூக்கம் போனது அண்ணிக்கு. அண்ணன் லாரியோடு எங்கோ இருக்கிறான். நான் சத்தம் கேட்காத மொட்டை மாடியில் படுத்துக்கொள்ளும் நல்லவன்.

வேலை நேரத்தில் தூங்கி அண்ணி ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியிருக்கிறார். மூன்றாவது தடவை என்றால் கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று டார்கெட் காலையில்தான் சொல்லியிருந்தார். அவர் ஹாலின் அந்தக் கோடியில் நின்றார். நடுவில் அடுக்கியிருந்த சட்டைகள் அண்ணியை மறைத்தன. ஆனால் நிமிடம் முடிந்து மெஷின் ஓட ஆரம்பித்தால், டார்கெட்டின் காலும் ஓட ஆரம்பித்துவிடும். ஒரு வரிசை விடமாட்டார்.

எழுப்புவதுதான் நியாயம். கால் எட்டும் தூரம்தான்.

அண்ணியின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ஐம்பத்தைந்தாவது நொடியில் இருமினேன்.

சவுண்டுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, மறுபடி முதலிலிருந்து என்றார்.

இரண்டாவது தடவை கட்டிங் மாஸ்டர் தும்மினார். அவர் மேஜையிலிருந்து பார்த்தால் அண்ணி நன்றாகத் தெரியும். மூன்றாவது தடவை பட்டன் வைக்கும் அக்காவின் கத்தரிக்கோல் தானாகக் கீழே விழுந்தது, மேஜையின் நட்டநடுவிலிருந்து. நான்காவது தடவை அயர்ன்காரரின் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. வாயைத் திறக்கத்தான் கூடாதே.

இந்தப் படத்தால் உங்களுக்கு என்ன பயன் என்று பேட்டியில் கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்த அயர்ன்காரர், ஆறாவது தடவை முடிந்ததும் கையைத் தூக்கி, ரொம்ப நல்ல படம் மேடம் என்றார்.

டைரக்டர் மேடம் அண்ணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால்தான் நின்றார். ஒரு நிமிடம் சும்மா இருப்பதுகூட இவர்களுக்கு மறந்துவிட்டது என்று கண் கலங்கி நோட்டில் எழுதினார். அவர் போட்டிருந்த சட்டையின் காலர் நான் வைத்தது. சொல்லவில்லை. கேள்விகளில் அது இல்லை.

பதினோராவது தடவை, இதுதான் கடைசி என்றார் மேடம். இருமினாலும் தும்மினாலும் பரவாயில்லை, சவுண்டுக்காரர் வெட்டிக்கொள்வாராம்.

அதற்குமேல் எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

நாற்பது நொடி. ஐம்பது. அண்ணியை எழுப்பக் காலை நீட்டினேன்.

அப்போது குறட்டை கேட்டது. நீளமான, நிம்மதியான குறட்டை.

போச்சு என்று நினைத்தேன்.

நீளக் கம்பியின் நுனியில் பூனைக்குட்டி மாதிரி முடி போர்த்திய மைக்கை சவுண்டுக்காரர் மெல்லத் திருப்பினார். அது சத்தத்தைத் தேடி என் தலைக்கு மேல் வந்தது. அண்ணிக்கு மேல் வந்து நின்றது. அண்ணி மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. மைக் நகர்ந்து, கட்டிங் மேஜையைத் தாண்டி, பட்டன் அக்காவைத் தாண்டி, ஹாலின் அந்தக் கோடிக்குப் போனது.

டார்கெட் தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனையாவது தடவையிலிருந்து என்று அந்த மைக்குக்குத்தான் தெரியும்.

கேமராவும் அவர் பக்கம் திரும்பியது.

அடுத்த குறட்டை அவரையே எழுப்பிவிட்டது. மூக்குக்கு நேராக மைக்கைப் பார்த்தார். கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். உடனே, யாரையாவது பிடித்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தோடு எங்கள் வரிசைக்கு நடந்து வந்தார். சட்டை அடுக்கைத் தாண்டினார்.

அண்ணியைப் பார்த்தார். கழுத்து அட்டைக்காகக் கை நீண்டது.

நாங்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்தோம். ரெக்கார்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நீட்டிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு சவுண்டுக்காரர் பக்கம் திரும்பினார். அவருக்கு மெதுவாகப் பேசவும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

"சார், இது சரியா வந்திருக்காது. இன்னொரு தடவை எடுத்துடலாமா?"