ஐம்பது தண்டால்

நிவிஷா டம்ளரைத் தட்டிவிட்டதில் பால் அடுப்படி முழுக்க ஓடியது. இசக்கியம்மாள் துணியோடு வருவதற்குள், கபடி அணியிலிருந்து லீவில் வந்திருந்த அவள் புருஷன் சுடலைமணி, மகளுக்கு முன்னால் குப்புறக் கிடந்து தண்டால் எடுக்கத் தொடங்கியிருந்தான்.

“நிவி, நின்னு எண்ணுட்டி. அம்பது வரணும்.”

அது அவனுடைய கோச்சின் வழக்கம். தப்புச் செய்தவனை அவர் தொடமாட்டார். மற்றவர்கள் எல்லாரும் வெயிலில் தண்டால் எடுப்பார்கள். தப்புச் செய்தவன் மட்டும் நிழலில் நின்று சத்தமாக எண்ண வேண்டும். இந்த சீசன் முழுக்க எண்ணியவன் சுடலைமணிதான். அணி தங்கும் அறையில் தன்னோடு யாரும் பேசுவதில்லை என்பதைக்கூட அவன் இசக்கியம்மாளிடம் போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

“அது சின்னப்பிள்ள, அதுக்கு என்ன தெரியும்? எந்திரிங்க” என்று இசக்கியம்மாள் அவன் தோளைப் பிடித்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு நிம்மதி. அவள் கை தானாக விலகியது.

நிவிஷா உதடு பிதுங்க எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. அழுதுகொண்டே மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.