விலை படியாத பப்பாளி

“வெம்பிப் போன பழம். இதுக்கு இவ்வளவு கிராக்கியா?” என்றான் தம்பிராஜா, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு.

“வெம்பின பழம் உனக்கு எதுக்கு, தவுக்கே?” என்றாள் மீனாச்சி, அந்தப் பக்கம் நின்று. துணி உலர்த்துகிற கையை அவள் நிறுத்தவில்லை. தவுக்கே என்றால் முதலாளி. அவள் சொன்னதில் கேலிதான் இருந்தது.

மரத்தில் பழுத்திருந்தது ஒரே ஒரு பப்பாளி. அதையும் பழைய கைலித் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள். துணி விலகின இடத்தில் மஞ்சள் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண் அவள். பேசுவது மலாய், நடுநடுவே தமிழ்ச் சொல் வந்து விழும். எந்தப் பாஷையிலானாலும் சரி, தம்பிராஜாவோடு விலை பேசி ஜெயித்தவர் காஜா பெராங் வட்டாரத்தில் கிடையாது. ஜப்பான்காரன் வந்து அரிசிக் கடைகள் காலியான பிறகும், உப்பைக் கொடுத்துச் சவுக்காரம், சவுக்காரத்தைக் கொடுத்துத் துணி என்று மாற்றி மாற்றியே நிமிர்ந்தவன். அடிபட்டு அவன் கற்ற பாடம் ஒன்றுதான்: வேண்டும் என்பதை முகத்தில் காட்டினால் தொலைந்தாய்.

இன்றைக்கு அவனுக்கு வேண்டியிருந்தது.

மகள் ஜெயாவுக்கு மூன்று வயது. ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று காலம் தள்ளியது; அவளுக்கும் அதுதான். வயிறு கல்லாய்க் கட்டிக்கொண்டு நாளாகிவிட்டது. விளக்கெண்ணெய் எங்கும் கிடைக்கவில்லை. வெற்றிலைக் காம்பு வைத்தும் பார்த்தாயிற்று. போனமுறை வலித்த வலிக்குப் பயந்து, பிள்ளை இப்போது வருவதையும் அடக்கிக்கொண்டு, காலை இறுக்கி நின்று அலறியது.

காலையில் அவன் பொறுமை இழந்து, “முக்குடி, கழுதை!” என்று கத்தியதில், உட்கார்ந்திருந்த மண்சட்டியை விட்டே எழுந்து ஓடிவிட்டாள்.

“கத்தினா இன்னும்தாங்க அடக்குவா,” என்றாள் மனைவி சந்திரமதி. “ஒரு பப்பாளிப் பழம் கிடைச்சா இளகிடும்.”

“பிள்ளை வளக்கத் தெரியல, பழம் கேக்குதோ!” என்று அவளிடமும் சீறிவிட்டு வந்தவன்தான், நேரே இந்த வேலியோரம் நின்றான்.

“உப்பு தர்றேன்.”

“வேணாம்.”

“ஊசி, நூல்கண்டு.”

“வேணாம்.”

“சவுக்காரம். முழுக் கட்டி.”

மீனாச்சியின் கை கொஞ்சம் தயங்கியது. துணிக்குப் போடுகிற சவுக்காரத்தைக் கண்ணால் பார்த்து எத்தனை காலமோ. பிறகு கேட்டாள்: “பழம் யாருக்கு?”

என் பிள்ளைக்கு. நாக்கு நுனிவரை வந்தது. ஊருக்கெல்லாம் சாமான் கொண்டுவந்து கொடுக்கிற தம்பிராஜாவின் பிள்ளைக்கு வெளிக்குப் போக வழியில்லை என்று ஒரு பொம்பளையிடம் சொல்வதா? சொன்னால் விலை எங்கே போய் நிற்கும்?

“கிளேபாங்ல ஒருத்தர் கேட்டாரு. விக்கத்தான்.”

“விக்கவா? அப்ப கிடையாது.”

“ரெண்டு கட்டி!”

“மூட்டையா குடுத்தாலும் கிடையாது. இந்தப் பழத்துக்கு ஆள் இருக்கு.”

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. “எந்த ஆளு? ஜப்பான்காரனா? உன் புருஷனைச் சயாம் ரயில் பாதைக்கு ஏத்திக்கிட்டுப் போனானே, அவனுக்கே பழத்தைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கியா?”

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. மீனாச்சி ஈரத் துணியைக் கூடையிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொன்னது அதிகம் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. சைக்கிளை எடுத்தான். ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் நைவேத்தியப் பழமாவது இருக்குமா என்று எட்டிப் பார்த்தான். சாமிக்கே அன்றைக்குக் கிழங்குதான். குருபோங் வரை மிதித்தான். வழியெல்லாம் பப்பாளி மரம் நின்றது. பிஞ்சைக்கூடக் கறிக்குப் பறித்துவிட்டிருந்தார்கள்.

வெயில் சாய வெறுங்கையோடு திரும்பினான். வேலியோர மரம் மொட்டையாய் நின்றது. கைலித் துணி மட்டும் கொடியில் ஆடியது.

“பாத்தியா, தூக்கிக் குடுத்துட்டா எவனுக்கோ!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான்.

சந்திரமதி சட்டென்று எதையோ முந்தானைக்குள் மறைத்தாள்.

ஜெயா மண்சட்டியில் உட்கார்ந்திருந்தாள். முகவாயெல்லாம் மஞ்சள் சாறு. தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தவள், அப்பனைக் கண்டதும் பாட்டை நிறுத்திக் கால் இரண்டையும் இறுக்கிக்கொண்டாள்.

அவன் குரல் தானாய் இறங்கியது. “என்னடி அது?”

சந்திரமதி முந்தானையை விலக்கினாள். தட்டில் பப்பாளித் துண்டுகள்.

“மீனாச்சி அக்கா பின்பக்கமா வந்து குடுத்துட்டுப் போனாங்க. தெனம் காலையில இவ அலறுறது அங்க கேக்குதாம். இவளுக்குன்னே துணி சுத்திப் பழுக்க விட்டாங்களாம்.”

“அதை எங்கிட்ட ஏன் மறைக்கிற?”

சந்திரமதி தரையைப் பார்த்தாள்.

“உங்க கண்ணுல படாம ஊட்டிடச் சொன்னாங்க. பாத்தா பிடுங்கிட்டுப் போய் வித்துடுவீங்களாம்.” தட்டைக் கீழே வைத்தாள். “எனக்கும் அப்படித்தாங்க தோணுச்சு.”